புள்ளி வைத்த மெய்

பெலெம் நகரில் மார்ச் மாதம்.
மூன்று மணிக்கு மழை வரும் என்பதை
யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.
"மழைக்கு முன்பா, பின்பா?"
என்றுதான் சந்திக்க நேரம் குறிப்பார்கள்.

துறைமுக அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
ஜுரேமா நிரல் எழுதுவது
நிலா என்று பெயர்கொண்ட மொழியில்.
அவள் ஊர்ப் பேச்சில் லுவா என்றால் நிலா.
நிலாவை வைத்து ஓதம் கணக்கிடுவது
ஆதிகாலத்து வேலைதான்,
இப்போது அதற்குச் சம்பளச் சீட்டு வருகிறது.

இன்றிரவு ஆறு கரைக்கல்லைத் தாண்டுமா,
எத்தனை சென்டிமீட்டர்?
அசாயிக் கூடைகளோடு வரும் படகுகளுக்குப்
பலகையில் சிவப்பு எழுத்தில் காட்ட வேண்டும்.

கணக்கைச் சரிபார்க்கப்
பெரிய பெரிய சட்டகங்கள் கிடைத்தன.
ஒன்றை அழைத்தால்
ஒன்பது பேர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள்.
பலகைக்குப் பின்னால் இருந்த கருவியோ
தீப்பெட்டி அளவு.
தானே எழுதினாள்.
ஒரே கோப்பு, எழுபத்தோரு வரி,
எவர் தயவும் வேண்டாதது.

அது செய்வது இவ்வளவுதான்:
கேட்கும். பதில் உண்மையென்றால் ஒரு புள்ளி.
பொய்யென்றால் ஒரு பெருக்கல் குறி.
நடுவில் எது வெடித்தாலும்
கீழே விழாமல் ஏந்தி, ஓரமாக வைத்துவிட்டு
அடுத்ததற்குப் போகும்.

தமிழில்
தலையில் புள்ளி வைத்தால் எழுத்து மெய்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
அறுபத்திரண்டு புள்ளிகளைப் பார்த்து
அவளும் அதையேதான் நம்பினாள்.
பலகை மாட்டி ஐந்து வாரம்.
ஐந்து வாரமும் நீர் ஏறவில்லை, பலகையும் பூஜ்யம் என்றது.

பிறகு காருவா வந்தது.

எடையைப் பார் என்றே பெயர்கொண்ட சந்தை அது,
வெர்-ஓ-பேசோ.
இரவு பதினொன்றே காலுக்கு
கூடை சுமக்கும் வால்டெனிர் போன் செய்தார்.
"டாக்டரம்மா, உங்க பலகை பூஜ்யம்னு சொல்லுது.
என் முழங்கால் வேற சொல்லுது."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.
மீன்காரரின் ஐஸ் பெட்டிமேல்
மடிக்கணினியைத் திறந்து ஓட்டினாள்.
அறுபத்திரண்டு புள்ளி.
பெட்டியின் பக்கத்தில் நீர் தட்டிக்கொண்டிருந்தது.

கணக்கின் குடலை முழுக்க உருவி எறிந்தாள்.
பூஜ்யத்தைத் திருப்பு
என்று ஒரே வரியை மட்டும் மிச்சம் வைத்தாள்.
ஓட்டினாள்.
அறுபத்திரண்டு புள்ளி.

அந்த மொழியில் பூஜ்யமும் உண்மை.
முதல் வாரமே படித்தது.
பொய் பொய், இல்லாதது பொய்,
மற்ற எதை நீட்டினாலும் உண்மை.
உருமி இல்லை, சலங்கை இல்லை,
எழுபத்தோரு வரியில்
ஒரு பூம்பூம் மாடு வளர்த்திருக்கிறாள்.

சிரித்தாளா என்று தெரியவில்லை,
இருட்டு.

உண்மையா என்று கேட்ட இடங்களில்
இதுவும் அதுவும் ஒன்றா என்று கேட்க வைத்தாள்.
எல்லாவற்றுக்கும் முன்னால்
தோற்றே ஆக வேண்டிய சோதனை ஒன்று.
அதற்குப் புள்ளி விழுந்தால்
மீதியை ஓட்டாதே.
ஆக எழுபத்தெட்டு வரி.

ஓட்டினாள். திரையில் முள்வேலி:
நாற்பத்தொன்பது பெருக்கல் குறிகள்.
முதலாவதன் கீழே
*எதிர்பார்த்தது பதினெட்டு. கிடைத்தது பூஜ்யம்.*

வால்டெனிர் தோள்வழியே எட்டிப் பார்த்தார்.
"இது நல்லதா?"
"நல்லது."
"பாத்தா அப்படித் தெரியலையே."

கரைக்கல்லைச் சென்டிமீட்டரில் அளந்து
ஆற்றை மீட்டரில் அளந்திருந்தாள்.
அதைத் திருத்தியதும் நாற்பத்திரண்டு உதிர்ந்தன.
இன்னும் ஏழு.
நீர் இறங்கத் தொடங்கியிருந்தது,
அவள் கணக்கைக் கேட்காமலேயே.
படிக்கட்டில் ஒரு கூடை கவிழ்ந்து
கறுப்புக் கனிகள்
ஈரக் கல்லெங்கும் புள்ளி புள்ளியாய்.
அவர் குனிந்து பொறுக்கினார்,
நசுங்கியதை ஆற்றில் எறிந்தார்,
நல்லதைக் கூடையில் போட்டார்,
ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்து.

"பலகை எப்ப சரியாகும்?"

ஏழையும் மறுபடி எண்ணினாள்.
"மழைக்குப் பின்பு" என்றாள்.